மறைந்துறையும் நீரிழிவும் மாநகர மக்களும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கிய மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். வாழ்வுக்கு வேண்டிய அனைத்தையும் முப்பாலில் அடக்கிய திருவள்ளுவர், பொருட்பாலில் 'மருந்து' என ஓர் அதிகாரத்தையே வகுத்திருக்கிறார். உண்ணும் அளவையும், செரித்தபின் உண்ணும் ஒழுங்கையும் பேசும் அவ்வதிகாரம், நோய் இன்னது என்று தெளிதலையே மருத்துவத்தின் முதற்படியாக வைக்கிறது. தெளிந்தபின்னரே காரணம், காரணத்தின் பின்னரே தணிக்கும் வழி. ஆனால் நோய் தன் முகத்தையே காட்டாமல் உடம்புக்குள் ஒளிந்திருந்தால் அந்த முதற்படியை யார் எடுத்து வைப்பது? நோயாளி எடுக்கமாட்டார், தாம் நோயாளி என்பதே அவருக்குத் தெரியாது. மருத்துவர் எடுக்கமாட்டார், தம்மிடம் வராதவரை அவர் காண்பதில்லை. இருவர்க்கும் இடையிலுள்ள இந்த வெற்றிடத்தைப் பற்றியதே இவ்வுரை. நகரத்தில் வாழும், நலமாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் மக்களிடையே மறைந்திருக்கும் இரண்டாம் வகை நீரிழிவைத் தேடிக் கண்டறிதல் என்பதே இதன் பொருளாகும்.

சொல்லின் கதை

'நீரிழிவு' என்பது அழகிய காரணப் பெயர். இழிதல் என்றால் இறங்குதல், ஒழுகுதல். மலையிலிருந்து இழியும் அருவி என்பது புலவர் வழக்கு. உடம்பினின்று நீர் அளவின்றி இழிவதால் நீரிழிவு ஆயிற்று. கிரேக்கர் இட்ட 'டயபிடிஸ்' என்னும் பெயரும் ஊடுருவிக் கடந்து செல்லுதல் என்னும் பொருளையே தருகிறது. இரு வேறு மொழிகள் ஒரே அடையாளத்தைக் கண்டு பெயரிட்டன என்பது எண்ணி மகிழத்தக்கது. வடமொழி மருத்துவ நூல்கள் இதனை மதுமேகம் என்றன. சித்த மருத்துவமும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. மது என்றால் தேன். சிறுநீரின் இனிப்பைப் பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர். மேலைநாட்டில் 17 ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனைச் சுவைத்தே எழுதினார். 1776 இல் மேத்யூ டாப்சன் என்பவர் அவ்வினிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்றும், அது குருதியிலும் உண்டு என்றும் காட்டினார்.

இப்பெயர்களுக்குள் ஒரு பொறி இருக்கிறது. நீர் இழிவதும், தாகம் மிகுவதும், எறும்பு மொய்ப்பதும் நோய் முற்றியபின் தோன்றும் அடையாளங்கள். பெயரே அடையாளத்தைச் சொல்வதால், அடையாளம் இல்லாத இடத்தில் நோயும் இல்லை என்று மக்கள் முடிவுகட்டிவிடுகின்றனர். "எனக்குத் தாகமும் இல்லை, மயக்கமும் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்னும் சொல்லைப் பரிசோதனை முகாம்களில் கேட்காத செவிலியர் இலர். குருதியில் சர்க்கரை ஓரளவு ஏறும் வரை சிறுநீரகம் அதனைத் தடுத்து மீட்டுக்கொள்ளும். ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்னும் அளவைக் கடந்தபின்னரே அது சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. நோய் எனக் கொள்ளப்படும் அளவோ அதற்கும் கீழேயே தொடங்கிவிடுகிறது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் நீரிழிவு என்பது இன்றைய வரையறை. 126 க்கும் 180 க்கும் இடையில் நடமாடும் மனிதருக்கு நீர் இழிவதில்லை. ஆயினும் நீரிழிவு உண்டு!

ஓசையற்ற ஆண்டுகள்

இவ்வாறு ஓசையின்றி நோய் உறையும் காலம் எவ்வளவு? இரண்டாம் வகை நீரிழிவு தொடங்கிச் சராசரியாக 4 முதல் 7 ஆண்டுகள் கழிந்தபின்னரே மருத்துவரால் அறியப்படுகிறது என்று 1992 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விழித்திரைக் கோளாறு எப்போது தோன்றியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு அவ்வாய்வினர் இம்முடிவுக்கு வந்தனர். பிரித்தானியாவில் 1977 இல் தொடங்கி 1998 இல் முடிவுகளை வெளியிட்ட பெரும் நீரிழிவு ஆய்வில், புதிதாக நோய் அறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அப்போதே நோயின் பின்விளைவுகள் ஏதேனும் ஒரு வகையில் காணப்பட்டன. நோய் இன்றுதான் வந்தது என்று எண்ணுபவரின் கண்ணிலும், சிறுநீரகத்திலும், கால் நரம்பிலும், நெஞ்சின் குருதிக் குழாயிலும் அது பல ஆண்டுகளாகக் குடியிருந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

உலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2025 இல் வெளியிட்ட கணக்கின்படி, 20 முதல் 79 வயது வரையுள்ளோரில் 58.9 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ 25.2 கோடிப் பேருக்குத் தம் நோய் தெரியாது. பத்துப் பேரில் நால்வருக்கும் மேல்! எரிகிற வீட்டில் உறங்குபவரின் நிலை இது. புகை வரும்வரை காத்திருந்தால் கூரையே போய்விடும்.

சென்னை காட்டும் கணக்கு

நீரிழிவைப் பற்றிய ஆராய்ச்சியில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. பேராசிரியர் மா. விசுவநாதன் 1954 இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் வழியில் வந்த மருத்துவர்கள் நோயாளியை மருத்துவமனையில் காண்பதோடு அமையாமல், வீதிகளுக்கும் சென்று மக்கள் தொகையிலே நோயை அளந்தனர்.

1970 களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல மையங்களில் நடத்திய ஆய்வில், நகர்ப்புறத்தில் 2.1 விழுக்காடு, நாட்டுப்புறத்தில் 1.5 விழுக்காடு என்றே நீரிழிவு காணப்பட்டது. அன்று அது செல்வர் நோய். நாற்காலியில் அமர்ந்து பணியாற்றுவோரின் நோய். சென்னையிலோ பின்வந்த ஆண்டுகளில் ஏற்பட்ட ஏற்றம் வியப்பும் அச்சமும் தருவது. வயதுக்கேற்பச் சீர்செய்த கணக்கின்படி 1989 இல் 8.3 விழுக்காடு; 1995 இல் 11.6, 2000 இல் 13.5, 2003-04 இல் 14.3. பதினைந்தே ஆண்டுகளில் நூற்றுக்கு எழுபது பங்குக்கும் மேலான உயர்வு. ஒரு தலைமுறை பள்ளியில் சேர்ந்து வெளிவருவதற்குள் ஒரு நகரத்தின் குருதியே மாறிப்போயிற்று எனலாம்.

இவற்றுள் இறுதியாகச் சொன்ன எண், 2001 இல் தொடங்கப்பெற்ற சென்னை நகர்ப்புற நாட்டுப்புற நோய்ப்பரவல் ஆய்வில் கிடைத்தது. 'க்யூர்ஸ்' என்று சுருக்கமாக வழங்கப்பெறும் அவ்வாய்வை மருத்துவர் வி. மோகனும் அவர்தம் குழுவினரும் நடத்தினர். அன்றைய மாநகராட்சியின் 155 வட்டங்களிலிருந்து 46 வட்டங்களைத் தெரிந்தெடுத்து, 20 வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரை அவர்கள் கண்டனர். ஒவ்வொரு பத்தாமவரையும் விரிவான பரிசோதனைக்கு அழைத்தனர். 2,350 பேர் வந்தனர். நோயாளிகளை எண்ணாமல் மக்களை எண்ணிய ஆய்வு அது. மருத்துவமனைப் பதிவேட்டை எண்ணினால் தெரிந்த நோய் மட்டுமே கிடைக்கும். தெருவை எண்ணினால்தான் தெரியாத நோய் கிடைக்கும்.

2023 இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும், 13.6 கோடிப் பேர் அதன் முன்னிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் நீரிழிவின் பரவல் 14.4 விழுக்காடு. இனி இது செல்வர் நோயன்று; ஆட்டோ ஓட்டுநரின் நோய், தையற்காரரின் நோய், காய்கறிக் கடை வைத்திருக்கும் அம்மையாரின் நோய்.

சலித்தலும் பொறுக்கலும்

தமிழர் வீட்டுச் சமையற்கட்டிலே தானியத்தைத் தூய்மை செய்யப் பல சொற்கள் உண்டு. புடைத்தல், கொழித்தல், சலித்தல், பொறுக்குதல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு செயலைக் குறிக்கும். முறமும் சல்லடையும் அறிந்த தாய்மார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. நலமாயிருப்பதாகத் தோன்றும் மக்கள் திரளில் நோய் இருக்கக்கூடியவர்களைப் பிரித்தெடுக்கும் முதல் ஆய்வு சலித்தல் போன்றது. பிரித்தெடுத்தவர்களுள் நோய் உண்மையிலேயே உடையவர் இன்னார் என உறுதி செய்வது, முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்குவது போன்றது. சலிப்பது விரைவானது, எளியது, செலவு குறைந்தது. ஆனால் பிழை உடையது. பொறுக்குவது மெல்ல நடப்பது, ஆனால் உறுதியானது. சலித்ததையே பொறுக்கியதாகக் கருதி, முகாமில் விரல் நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியைக் கொண்டு "உமக்குச் சர்க்கரை நோய்" என்று தீர்ப்பளிப்பது முறையன்று. நோயின் அறிகுறி எதுவும் இல்லாதவர்க்கு இரண்டு முடிவுகள் ஒத்துவந்தால்தான் நீரிழிவு என உறுதி செய்தல் வேண்டும் என்பது மருத்துவ நெறி.

சல்லடையின் கண் பெரிதானால் கல்லும் அரிசியோடு போகும். சிறிதானால் நல்லரிசியும் தங்கிவிடும். இரண்டும் பிழைதான். நோயுள்ளவரை விட்டுவிடும் பிழை ஒன்று. நோயில்லாதவரை அஞ்சவைக்கும் பிழை மற்றொன்று. எந்தப் பிழையை எவ்வளவு பொறுப்பது என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வியாகும்.

நான்கு கேள்விகள்

மேற்சொன்ன சென்னை ஆய்வின் பயனாக 2005 இல் இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறை உருவாயிற்று. ஊசியும் வேண்டா, குருதியும் வேண்டா. ஓர் அளவுநாடா போதும். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் என்னும் நான்கே செய்திகள்.

35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்க்கு மதிப்பெண் இல்லை. 35 முதல் 49 வரை 20. 50 உம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 90 க்கும் குறைவாயின் மதிப்பெண் இல்லை. அவ்வளவை எட்டினால் 10. பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 100 என்னும் அளவை எட்டினால் 20. உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இருந்தால் மதிப்பெண் இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் 20. இரண்டும் இல்லையேல் 30. தாய், தந்தையருள் ஒருவர்க்கு நீரிழிவு இருந்தால் 10. இருவர்க்கும் இருந்தால் 20. ஆக மொத்தம் 100. கூட்டுத்தொகை 60 ஐ எட்டினால் இடர் மிகுதி. 30 முதல் 50 வரை இடைநிலை. அதற்குக் கீழ் குறைவு.

ஒரு குடும்பத்தைக் கற்பனையில் வைத்துக் கொள்ளலாம். வடசென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், வயது 44. நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்தே பிழைப்பு. இடுப்பு 95 சென்டிமீட்டர். தந்தை சர்க்கரை நோயில் கால் இழந்தவர். கணக்குப் போட்டால் 20, 10, 30, 10 என 70. ஐந்து மணித்துளிகளில் அவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. இனி அவர் மனைவி; வயது 39. தண்ணீர்க் குடம் சுமந்து இரு வீடுகளில் வேலை செய்பவர். இடுப்பு 78. பெற்றோர்க்கு நோயில்லை. அவர் மதிப்பெண் 40 தான். சல்லடை அவரை விட்டுவிடுகிறது. ஆனால் இரண்டாம் பிள்ளையைச் சுமந்தபோது அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. "பிள்ளை பிறந்ததும் சரியாகிவிடும்" என்றார்கள், பிள்ளை பிறந்தது, சரியாயிற்றா என்று யாரும் பார்க்கவில்லை. பேறுகாலத்தில் நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்று 2009 இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. நான்கு கேள்விகளில் அந்த ஐந்தாம் கேள்வி இல்லை. எனவே எந்தப் படிவத்தை ஏந்திச் சென்றாலும், பெண்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டல் கடமை.

இம்மதிப்பெண் முறையின் கூர்மை என்ன? 60 என்னும் எல்லையை வைத்தால், அறியப்படாத நீரிழிவு உடையோரில் 72.5 விழுக்காட்டினரை அது பிடிக்கிறது, நோயில்லாதோரில் 60.1 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது. விளக்கத்துக்காக 1,000 பேர் வாழும் பகுதியில் 100 பேருக்கு அறியாத நீரிழிவு இருப்பதாக வைத்துக்கொண்டால், அவர்களில் ஏறத்தாழ 72 பேர் சல்லடையில் தங்குவர். 28 பேர் நழுவுவர். நோயற்ற 900 பேரில் ஏறத்தாழ 360 பேர் வீணாகத் தங்குவர். ஆக, 1,000 பேருக்குக் குருதி எடுப்பதற்கு மாறாக 430 பேருக்கு எடுத்தால் போதும். அதற்கு விலையாக 28 பேரை இழக்க நேரும். பணமும் ஆளும் குறைந்த ஓர் ஊருக்கு இது பெரும் உதவி. ஆனால் அந்த 28 பேருக்கு "நீர் நலம்" என்று சான்று அளித்துவிடக் கூடாது. இன்று இடர் குறைவு, அடுத்த ஆண்டு மீண்டும் வாருங்கள் என்பதே நேர்மையான சொல்.

குருதி சொல்லும் செய்தி

அடுத்தது பொறுக்குதல். அதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருந்து எடுக்கும் குருதி. இரண்டாவது, 75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் குருதி. அதில் 200 மில்லிகிராமும் மேலும் நீரிழிவு, 140 முதல் 199 வரை அதன் முன்னிலை. மூன்றாவது, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் ஆய்வு, 6.5 விழுக்காடும் மேலும் நீரிழிவு.

வெறும் வயிற்றுப் பரிசோதனை எளிது. ஆனால் உண்டபின் மட்டும் சர்க்கரை ஏறும் மக்களை அது தவறவிடும். தெற்காசியரிடம் இவ்வகை மிகுதி என்பது பல ஆய்வுகளில் காணப்பட்ட செய்தி. குளுக்கோசு குடிக்கும் ஆய்வு அவர்களையும் பிடிக்கும். ஆனால் நாட்கூலிக்காரர் இரண்டு மணி நேரம் காத்திருப்பாரா? எச்பிஏ1சி ஆய்வுக்கு உண்ணாதிருக்க வேண்டியதில்லை. ஆனால் விலை மிகுதி. மேலும் இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகை அந்த எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். குருதிச்சோகை மலிந்த நாட்டில் இதை மறந்து பெண்களின் எண்ணைப் படிப்பது பிழையாகும். ஆக, முற்றிலும் குறையற்ற ஆய்வு என ஒன்றில்லை. எந்த ஆய்வு எந்த மக்களை விட்டுவிடும் என்று அறிந்து தேர்வதே அறிவு.

மாற்றுக் குரல்

தேடிக் கண்டறிவதால் உயிர் பிழைக்கிறதா என்னும் கேள்வியை மருத்துவ உலகம் நேர்மையோடு தன்னையே கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்சு வட்டாரத்தில் 40 முதல் 69 வயதுக்குட்பட்ட, இடர் மிகுந்த 20,184 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சில மருத்துவமனைகளைச் சேர்ந்தோர் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். வேறு சிலவற்றைச் சேர்ந்தோர் அழைக்கப்படவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து, 2012 இல் முடிவு வெளியாயிற்று. இறப்பு எண்ணிக்கையில் இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவை மறைத்துவிட்டுப் பரிசோதனையைப் போற்றுவது அறிஞர்க்கு அழகன்று. ஆனால் அதனை அப்படியே சென்னைக்குப் பெயர்த்து நடுவதும் பொருந்தாது. அங்கே அழைப்பின் வழிப் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர் 466 பேரே. ஒவ்வொருவர்க்கும் குடும்ப மருத்துவர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். அழைக்கப்படாதவர்களும் வேறு காரணத்துக்காக மருத்துவரிடம் சென்றபோது நோய் அறியப்பட்டிருக்கக்கூடும். மருத்துவரையே காணாமல் பத்தாண்டுகள் கழிக்கும் ஒரு நகரத்து உழைப்பாளியின் நிலை வேறு. ஆயினும் அந்த ஆய்வு ஒரு பாடத்தை ஐயமின்றி உணர்த்துகிறது. கண்டறிதல் என்னும் ஒரு செயலாலேயே எவரும் பிழைப்பதில்லை. கண்டறிந்தபின் செய்வதனாலேயே பிழைக்கின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968 இல் வகுத்த நெறிகளும் இதனையே வலியுறுத்தின. ஒரு நோயைத் தேடிப் புறப்படுமுன், கண்டவர்க்கு மருத்துவம் தர வழி இருத்தல் வேண்டும். தேடுதல் ஒருநாள் நிகழ்ச்சியாக இல்லாமல் தொடர்பணியாக இருத்தல் வேண்டும்.

கண்டறிந்த பின்

இங்கேதான் இப்பொருளின் உயிர்நாடி இருக்கிறது. நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். பந்தலிட்டு, ஒலிபெருக்கி வைத்து, விரல் நுனியில் குருதி எடுத்து, எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுக்கின்றனர். மாலையில் பந்தல் பிரிக்கப்படுகிறது. அந்தச் சீட்டு வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்னே செருகப்படுகிறது. நாட்காட்டி மாறும்போது சீட்டும் போய்விடுகிறது. நோய் தெரியாத மனிதர், நோய் தெரிந்தும் ஒன்றும் செய்யாத மனிதராகிறார். அறியாமைக்கு மாறாக அச்சத்தை மட்டும் அவர் கையில் கொடுத்த குற்றம் யாரைச் சாரும்?

ஞாயிறு காலையில் முகாம் நடத்தினால் வருவோர் ஓய்வு பெற்றோரும் ஏற்கெனவே நோய் அறிந்தோருமே. வேலைக்குச் செல்லும் ஆண் வருவதில்லை. வீட்டைக் கவனிக்கும் பெண் "எனக்கென்ன, அவருக்குப் பாருங்கள்" என்று கணவரை முன்னே அனுப்பிவிட்டுத் தான் பின்னே நின்றுவிடுகிறார். ஆகவே மக்கள் வருமிடத்தில் காத்திராமல் மக்கள் இருக்குமிடம் செல்லுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்வழியில் எடுத்து வைத்த அடியாகும். வீடுதோறும் சென்று குருதி அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, நோய் உடையவர்க்கு மாத்திரையையும் வாசலிலேயே தரும் திட்டம் அது. சலித்தலையும் பொறுக்கலையும் பின்வரும் பேணுதலையும் ஒரே கயிற்றில் கோக்கும் முயற்சி என்ற வகையில் அது கருதத்தக்கது. "அக்கா, கையைக் கொடுங்க" என்று வாசலில் வந்து கேட்கும் அதே பெண் அடுத்த திங்களும் வருவாள் என்னும் நம்பிக்கை, எந்தக் கருவியும் தரமுடியாத மருந்து.

நோய் வருமுன் நிலையில் கண்டறியப்படுவோர்க்கு இன்னும் பெரிய நற்செய்தி உண்டு. 2006 இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர், முன்னிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவை அடைந்தனர். உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் மேற்கொண்டோரில் அந்த எண் ஏறத்தாழ 39. மூன்றாண்டுகளில் இடர் 28.5 விழுக்காடு குறைந்தது. நடக்கும் கால்களும் அளவறிந்த தட்டும் மருந்தாகும் என்பது இம்மண்ணின் மக்களிடமே மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. நோய் வந்தபின்னும் கட்டுப்பாடு வீண்போவதில்லை. முன்சொன்ன பிரித்தானிய ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் 25 விழுக்காடு குறைந்தன.

இழிவும் இழிவும்

இறுதியாக மீண்டும் அச்சொல்லுக்கே திரும்பலாம். இழிதல் என்னும் வினைக்கு இறங்குதல் என்பது முதற்பொருள். அதிலிருந்து கிளைத்த இழிவு என்னும் சொல் தாழ்வையும் குறிக்கலாயிற்று. மருத்துவர் முதற்பொருளில் வைத்த பெயரை மக்கள் இரண்டாம் பொருளில் கேட்கின்றனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. பெண் பார்க்க வருவோரிடம் தாயின் நோயை மறைப்பவர் உண்டு. அலுவலகத்தில் தெரிந்தால் மதிப்புக் குறையும் என்று மாத்திரையை வேறு புட்டியில் மாற்றி வைப்பவர் உண்டு. பரிசோதனைக்கு அழைத்தால், "பார்த்தால்தானே இருக்கும்" என்று விலகிச் செல்பவர் உண்டு. பாராதிருந்தால் இல்லாமற் போகும் என்னும் இந்த எண்ணமே, எல்லாச் சல்லடைகளையும் தோற்கடிக்கும் ஓட்டை. அதனை அடைக்க மருத்துவராலும் ஆகாது, கருவியாலும் ஆகாது. சொல்லால்தான் ஆகும், சொல்லோ புலவரும் ஆசிரியரும் எழுத்தாளரும் ஆளும் பொருள்.

இலக்கிய மேடையில் இப்பேச்சுக்கு இடம் உண்டு என்பதற்கு இதுவே விடை. நீர் இழிவது இயற்கை. நோய் வருவது இயல்பு. அதில் இழிவு ஏதும் இல்லை. இருப்பதை அறியாதிருப்பதும், அறிந்தும் மறைப்பதும், பிறர் அறிய உதவாதிருப்பதுமே இழிவு. இவ்வவையில் அமர்ந்திருக்கும் முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் இன்று வீடு திரும்பியதும் ஓர் அளவுநாடாவை எடுத்து இடுப்பை அளக்கட்டும். அந்த நான்கு கேள்விகளையும் தமக்கே கேட்கட்டும். பின்னே நின்றுவிடும் தாயையும் மனைவியையும் தமக்கையையும் முன்னே அழைத்து, அவர்களிடம் அந்த ஐந்தாம் கேள்வியையும் கேட்கட்டும். கிடைக்கும் சீட்டை நாட்காட்டியின் பின்னே செருகாமல் மருத்துவரின் மேசைக்குக் கொண்டு செல்லட்டும்.